பின் இடது சக்கரம் மட்டும் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கை விட மாட்டேங்குது. என்ன பண்றது?

உப்பளத்தான்:
வேதாரண்யத்துலேர்ந்து எழுதறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். கை பிரேக்குக்கு லீவர் இல்ல, பட்டன்தான். ஐப்பசி அடைமழை பிடிச்சதுலேர்ந்து வண்டியை எடுக்கவே இல்ல, கொல்லைக் கொட்டகையில பிரேக் போட்டபடியே நின்னுது. இப்ப திருத்துறைப்பூண்டி போகலாம்னு ஸ்டார்ட் பண்ணி பட்டனை அமுக்கினா வலது பக்கம் "கிர்ர்"னு சத்தம் வருது, இடது பக்கம் மூச்சே இல்ல. மஞ்சள் விளக்கு நின்னு எரியுது, சிவப்பு மினுக்குது. ரிவர்ஸ் போட்டா பின்பக்கம் குந்துதே தவிர நகரல. சர்வீஸ் சென்டர்ல போன்ல கேட்டதுக்கு, "ரெண்டு பக்கமும் மோட்டாரை காலிப்பரோட மாத்தணும் சார், ஏத்திக்கிட்டு வந்துடுங்க"ங்கறாங்க. காலிப்பர்னா டிஸ்க்கைக் கவ்வற இடுக்கி. வண்டியைப் பார்க்கவே இல்ல! உப்புக் காத்துல பிரேக் பேட் டிஸ்க்கோட ஒட்டிக்கிச்சா, பிரேக்கை இயக்கற மோட்டார் போச்சா? வீட்டுலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

மன்னார்குடி ரைடர்:
பேட்டரி மைனஸைக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டு மாட்டுங்க ப்ரோ. கரண்ட் போனா பிரேக் தானா விட்டுடும்.

குடந்தை பட்டறை:
தம்பி, விடாது. காலிப்பர் பிஸ்டனுக்குள்ள ஒரு திருகும் நட்டும் இருக்கு. பின்னாடி இருக்கற சின்ன 12 வோல்ட் மோட்டார் பல்சக்கரம் வழியா திருகைச் சுத்தும், நட்டு முன்னால வந்து பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும். மோட்டார் இழுக்கற கரண்ட் ஏறறதை வச்சுத்தான் போதுமான அளவு இறுகிடுச்சான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணி நிறுத்துது. அதுக்கப்புறம் கரண்டே வேண்டாம். திருகோட மரை அவ்வளவு படுக்கையா வெட்டியிருக்கறதால பிஸ்டன் திருப்பித் தள்ளி அதைச் சுத்த முடியாது. பேட்டரியைக் கழட்டி மாசக்கணக்குல வச்சாலும் பிடி பிடிதான். அப்படி இல்லன்னா மேட்டுல நிறுத்தின வண்டி பேட்டரி செத்த ராத்திரி உருண்டு போயிடுமே.

உப்பளத்தான் சார், சத்தம் ஒரு பக்கம் மட்டும் வருதுன்னு நீங்க கவனிச்சதே பாதி வேலை. மோட்டார் சத்தம் வந்தும் சக்கரம் சுத்தலன்னா பெரும்பாலும் பேட் துருவுல ஒட்டியிருக்குன்னு அர்த்தம். லேசா முன்னும் பின்னும் அசைச்சாலோ, சக்கரத்தைக் கழட்டி ரப்பர் சுத்தியால தட்டினாலோ விட்டுடும். சத்தமே வரலன்னா கோளாறு கரண்ட் பக்கம். முதல்ல பேட்டரி வோல்ட் பாருங்க. 12-க்குக் கீழே இறங்கியிருந்தா சார்ஜ் போட்டுட்டுத்தான் மத்த பேச்சு. இக்னிஷன் ஆன்ல, கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தானே பட்டனை அமுக்கினீங்க? பல வண்டியில மிதிக்கலன்னா விடாது. அதுவும் சரின்னா இக்னிஷனை அணைச்சுட்டு, இடது காலிப்பர் மோட்டார்ல சொருகியிருக்கற கனெக்டரைக் கழட்டி உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் சக்கரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை போட்டுடுங்க.

நாகை பாலிடெக்னிக்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். வலிஞ்சு இழுத்துக்கிட்டே ஓட்டிப் போகாதீங்க. டிஸ்க் சூடேறி பிரேக் ஆயிலும் சூடேறும். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாதுங்கறது விதி, ஈரம் ஏறினதுக்கு அது 155 தான். ஆயில் கொதிச்சா கால் பிரேக்கும் பஞ்சு மாதிரி ஆயிடும்.

உப்பளத்தான்:
நன்றிண்ணே. பேட்டரி 12.5 காட்டுது. கால் பிரேக்கை மிதிச்சுத்தான் அமுக்கினேன். கனெக்டரைக் கழட்டினா ரெண்டு பின்னும் பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருந்துச்சு. கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு பிரஷ் போட்டு மாட்டினேன். அப்பவும் சத்தமில்ல. மோட்டாருக்கு நேரடியா 12 வோல்ட் குடுத்துப் பார்க்கலாமா?

குடந்தை பட்டறை:
காலிப்பர்ல இருக்கும்போது குடுக்காதீங்க. கம்ப்யூட்டர் இருந்தா கரண்டைப் பார்த்து நிறுத்தும், நேரா குடுத்தா யார் நிறுத்தறது? திருகு கடைசி வரை போய் முட்டிச் சிக்கிக்கும். மோட்டாரைத் தனியாக் கழட்டுங்க, பெரும்பாலும் ரெண்டே போல்ட். பிரேக் ஆயில் அதுல வராது, பயப்பட வேண்டாம். கையில வச்சுக்கிட்டு ஒரு நொடி குடுங்க, ப்ளஸ் மைனஸை மாத்தினா எதிர்ப்பக்கம் சுத்தணும். மோட்டாரை எடுத்ததும் காலிப்பர்ல திருகு முனை தெரியும். அதுக்குப் பொருந்தற பிட்டை வச்சுக் கையால திருப்பினா பிரேக் இளகிடும். எந்தப் பக்கம்னு சந்தேகம் இருந்தா கால் சுத்து சுத்திப் பாருங்க, கை சொல்லிடும். சி-கிளாம்ப் வச்சுப் பிஸ்டனை நெரிச்சுடாதீங்க. நட்டு பின்வாங்காம பிஸ்டனைத் தள்ளினா உள்ளே மரை போயிடும். அப்புறம் நிஜமாவே காலிப்பர்தான் மாத்தணும்.

மன்னார்குடி ரைடர்:
பழைய கேபிள் பிரேக்கே தேவலாம் போல.

குடந்தை பட்டறை:
கேபிள் துருப்பிடிச்சு உறைக்குள்ளேயே சிக்கின எத்தனையோ வண்டியை நான் இழுத்து வந்திருக்கேன் தம்பி. தொல்லை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

உப்பளத்தான்:
திருத்துறைப்பூண்டியிலேர்ந்து தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வந்தாரு. மோட்டாரைக் கழட்டிச் சாய்ச்சதும் செம்மண் நிறத்துல தண்ணி ஒழுகுச்சு. மூடி ஒட்டின இடத்துல மயிரிழை விரிசல். கரண்ட் குடுத்தா உறுமக்கூட இல்ல. திருகைக் கையால திருப்பினோம், சக்கரம் விட்டுடுச்சு. பேட்டும் லேசா ஒட்டியிருந்துச்சு, தட்டினதும் கழண்டுச்சு. பிஸ்டன், ரப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு. மோட்டார் மட்டும் தனியா திருச்சியில கிடைக்குது, நம்பர் பார்த்துச் சொல்லிட்டேன்.

குடந்தை பட்டறை:
அப்ப காலிப்பர் வேண்டாம், வலது பக்கத்தைத் தொடவே வேண்டாம். புது மோட்டாரோட ஓ-ரிங்கும், அதான் தண்ணி புகாம அடைக்கற ரப்பர் வளையம், புதுசா கேட்டு வாங்குங்க, பழசைப் போட்டா அடுத்த மழைக்கு இதே கதை. மாட்டினதும் ஸ்கேனர் போட்டு பழைய எரரை அழிச்சு, பார்க்கிங் பிரேக் இனிஷியலைஸ் பண்ணச் சொல்லுங்க. நட்டு எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டர் புதுசா கத்துக்கணும்.

நாகை பாலிடெக்னிக்:
இனிமே மழை மாசத்துல சமதளமா இருந்தா பி கியர் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, பிரேக்கை விட்டே நிறுத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவை வாசல் வரைக்கும் உருட்டி பிரேக் மிதிச்சா டிஸ்க்குல துரு தங்காது.

உப்பளத்தான்:
மாட்டியாச்சு, ரெண்டு பக்கமும் சத்தம் வருது, விளக்கு அணைஞ்சுடுச்சு. ஆனா இன்ஜினை அணைச்சா இந்த வண்டியில பிரேக் தானா போட்டுக்குதே, அதை எப்படி நிறுத்தறது?

குடந்தை பட்டறை:
வண்டிக்கு வண்டி மாறும் சார். டேஷ்போர்டு பெட்டியில இருக்கற புத்தகத்துல பார்க்கிங் பிரேக் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.