புதுப் போட்டுக்கு ஸ்டீரியோ: யாரிடம் கொடுப்பது?

வெள்ளவத்தை: 19 அடி ஃபைபர் போட் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், டெக் (மேல்தளம்) இன்னும் மூடவில்லை. பெரும்பாலும் பொல்கொட வாவியில்தான் ஓடும், எப்போதாவது நீர்கொழும்புப் பக்கம் கடலுக்கும் போகும். நாலு ஸ்பீக்கர், ஒரு அம்ப் (அம்ப்ளிஃபையர்). போட் செய்யும் யார்டில் சொன்ன விலையில் பாதிக்குச் செய்து தருகிறேன் என்கிறார், பஞ்சிகாவத்தையில் என் வேனுக்கு செட் பூட்டிய தம்பி. கை சுத்தமான வேலைக்காரர். யாரிடம் கொடுக்கலாம்?

மட்டக்குளி: அண்ணை, நான் கார் செட் கடையில்தான் கொடுத்தேன். சத்தம் அருமை, ஆனால் எட்டு மாதத்தில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. வயரின் உறையை உரித்துப் பார்த்தால் செம்பெல்லாம் பச்சை பூத்து, விரலால் தேய்க்கத் தூளாக உதிர்ந்தது, அதுவும் நுனியில் மட்டுமில்லை, ஒரு முழம் உள்ளே வரை. போட்டுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் போட வேண்டும். பஞ்சிகாவத்தைத் தம்பியிடம் அதை முதலில் கேளுங்கள்.

முகத்துவாரம்: போட் வயரிங்தான் என் தொழில். அந்தத் தம்பி கெட்டிக்காரராகவே இருக்கட்டும், காரில் நெகட்டிவை பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், பூட்டிவிட்டால் போதும், ஃபைபரில் அது நடக்காது, ஒவ்வொன்றுக்கும் பற்றரி வரை திரும்பி வரும் வயர் வேண்டும். மெயின் பியூஸ் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் போட் விதி, நானும் அப்படித்தான் வைக்கிறேன். பெட்ரோல் டாங்க் இருக்கும் மூடிய இடத்தில் சாதாரண சுவிட்ச், ரிலே எதுவும் கூடவே கூடாது, ஒரு பொறி போதும். பாட்டுக்குத் தனிப் பற்றரி வையுங்கள், இல்லாவிட்டால் வாவி நடுவில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பீர்கள். ஸ்பீக்கர் துளையை யார்டே வெட்டி, வெட்டிய ஓரத்துக்கு ரெசின் பூசட்டும். வெளியாள் வெட்டினால் நாளைக்குத் தண்ணீர் இறங்கும்போது வாரண்டிக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். அப்புறம், யார்டிலும் உண்மையில் வேலை செய்வது யார் என்று கேளுங்கள், சில இடங்களில் வெளியாளைத்தான் கூப்பிடுவார்கள்.

வெள்ளவத்தை: நன்றி. பொடி எர்த் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரி, வயர், பியூஸ், துளை யார்டுக்கு. தம்பியை யார்டுக்கே கூட்டிப்போய் செட்டையும் அம்பையும் மட்டும் பூட்டி ட்யூன் பண்ண விடுகிறேன். இரண்டு ஸ்பீக்கரை ஸ்டீயரிங் பக்கத்தில் வைக்கலாமா? திசை காட்டும் கொம்பஸும் அங்கேதான் வருகிறது.

முகத்துவாரம்: ஸ்பீக்கர் காந்தம் முள்ளை இழுக்கும். துளை வெட்டுவதற்கு முன் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், முள் கொஞ்சம் அசைந்தாலும் பின்னால் தள்ளிவிடுங்கள்.