விவிபாரி: ‘கனிக்குள் விதை முளைத்தல்’ போதுமா?

கடலூர்:
வணக்கம். நாம் ஆசிரியர்கள் தயாரிக்கும் நீட் குறிப்பேட்டில், தாய்ச்செடியைவிட்டுப் பிரியுமுன்பே விதை முளைப்பதைக் குறிக்கும் விவிபாரிக்கு (vivipary) ஒரு தமிழ்ச் சொல் முடிவாக வேண்டும். ‘கனிக்குள் விதை முளைத்தல்’ என்றே எழுதிவருகிறோம். அதில் முக்கியமானது விட்டுப்போகிறது. பறித்துப் பல நாள் போட்டுவைத்த பண்ருட்டிப் பலாவை அறுத்தால், சில சமயம் கொட்டை முளைவிட்டிருக்கும். அதுவும் கனிக்குள்தான், ஆனால் மரத்தைவிட்டு வந்த பிறகு. கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களில் காம்பு விடுமுன்பே முளைத்துவிடுகிறது. கேள்வியின் பிடி அந்த ‘முன்பே’யில் இருக்கிறது. என் பரிந்துரை: தாய்மர முளைப்பு.

சிதம்பரம்:
சார், ‘மரம்’ இடிக்கிறது. அடைமழையில் சாய்ந்த நெல் கதிரிலேயே முளைத்துவிடுமே, அதையும் ஆங்கில நூல்கள் இந்தப் பெயரால் சொல்வதுண்டு. ‘தாய்மேல் முளைத்தல்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். காரணத்தை மட்டும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். நெல்லில் அது கோளாறு: விதை உறக்கம் குறைந்த ரகம், விடாத ஈரம். உறக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன், கலைப்பது ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன். இந்த ஜோடி தேர்வுக்கு அவசியம். கண்டலில் அது தகவமைப்பு. உப்புச் சேற்றில் விதையால் எளிதில் நீர் உறிஞ்ச முடியாது, ஆக்சிஜனும் குறைவு. அந்த ஆபத்தைத் தாயின் மேல் இருக்கும்போதே தாண்டிவிடுகிறது.

பிச்சாவரம் கண்டல் காட்டில் இன்னொரு சிக்கல் கண்ணெதிரே தொங்குகிறது. சுரபுன்னை என்ற கண்டல் மரத்தில் பழுப்புக் கனியைத் துளைத்துக்கொண்டு பச்சைக் கோல் ஒன்று நீளும். பிள்ளைகள் அதைக் காய் என்கிறார்கள், சிலர் வேர் என்கிறார்கள். அது விதையிலைக் கீழ்த்தண்டு, அதாவது நாற்றில் விதையிலைகளுக்குக் கீழே உள்ள தண்டு. கனி என்பது மேலே குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பகுதிதான். வெண்கண்டல் என்ற இன்னொரு வகையில் கரு விதையுறையை மட்டும் கிழிக்கும், கனித்தோலைக் கிழிக்காது. தண்ணீரில் விழுந்த பிறகே தோல் உரிந்து, மடிந்திருந்த விதையிலைகள் விரியும். பார்க்கப்போனால் ‘கனிக்குள்’ என்பது வெண்கண்டலுக்குத்தான் சரியாக ஒட்டுகிறது!

புதுச்சேரி:
மேடம், காரணமெல்லாம் சரி, சொல்தான் ஆபத்து. ‘தரைமேல் விதை முளைத்தல்’, அதாவது முளைக்கும்போது விதையிலைகள் மண்ணுக்கு மேலே வருவது, ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. அவரை, ஆமணக்கு எடுத்துக்காட்டு. 180 நிமிடத்தில் 180 கேள்வி என்று ஓடும் பிள்ளைக்குத் தரைமேலும் தாய்மேலும் ஒன்றாகத்தான் தெரியும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், வரவேண்டிய 4-ம் வராது. ‘தாயொட்டு’ என்றும் யோசித்தேன், ஒட்டுக்கட்டுதலோடு குழம்பும். ‘ஈன்முளை’ கேட்க அழகு, ஆனால் விலங்கியலில் குட்டி ஈனுவதை நினைவூட்டி இழுத்துவிடும்.

‘உதிருமுன் முளைத்தல்’ எப்படி? நெல்லும் அடங்கும், சுரபுன்னையும் அடங்கும், பலா வெளியே நிற்கும். வெண்கண்டல் வகைக்கு ‘உதிருமுன் உள்முளைத்தல்’.

எந்தச் சொல்லை வைத்தாலும் பக்கத்தில் ‘விவிபாரி’ இருக்கட்டும். தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உண்டு. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி.

கடலூர்:
‘உதிருமுன் முளைத்தல்’ ஏற்பு. அடைப்புக்குறிக்குள் விவிபாரி, எடுத்துக்காட்டு சுரபுன்னை. உள்முளைத்தலை ஆசிரியர் குறிப்பில் மட்டும் வைக்கிறேன், மாணவர் தாளில் வேண்டாம்.

அடுத்த சொல்: சேற்றுக்கு மேலே வந்து காற்றை வாங்கும் வேரான நியூமட்டோஃபோருக்குச் ‘சுவாச வேர்’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். எடுத்துக்காட்டுதான் உதைக்கிறது. பழைய என்.சி.இ.ஆர்.டி. நூல் ரைசோஃபோரா, அதாவது சுரபுன்னை, என்றது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டலின் வேர்கள். சுரபுன்னைக்கு வளைந்து இறங்கும் முட்டு வேர். விடைத் தெரிவுகளில் ரைசோஃபோரா மட்டும் இருந்தால் அதையே குறிக்கச் சொல்லுங்கள்.