தாமிரபரணியில் தை மாதம் தூண்டிலுக்கு மீன் எப்படி இருக்கும்?

சேரன்மகாதேவிக்காரன்:
கனடாவில் இருக்கிற சித்தப்பா மகன் வருஷா வருஷம் கோடையிலேயே "இந்தத் தடவை ஆற்றில் இத்தனை லட்சம் சால்மன் ஏறும்" என்று சொல்லி, அதற்குத் தக்கபடி லீவு போட்டுவிடுகிறான். நான் கன்னடியன் அணைக்கட்டுக்குக் கீழே மூன்று ஞாயிற்றுக்கிழமை தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் கிடைத்தது நாலு ஜிலேபி மீனும் ஒரு கெளுத்தியும்தான். தண்ணீர் இன்னும் கலங்கல். நம் ஆற்றுக்கும் முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா? தை பிறந்தால் கெண்டை கடிக்குமா?

அம்பை அண்ணாச்சி:
தம்பி, கலங்கலில் கெண்டைக்குக் காத்திருந்ததுதான் தப்பு. கெளுத்தி மீசையால் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும், அதனால் இப்போதைக்கு மண்புழு கோத்து, ஈயத்தைக் கூட்டி, தரையோடு போடு. கெண்டைக்குத் தண்ணீர் தெளியட்டும், கடலைப்பிண்ணாக்கை மைதாவோடு பிசைந்து கொண்டு போ. பிசான நெல் சாகுபடிக்கு அணையில் இருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள், விடுகிற அளவு கூடக்குறைய மீனும் இடம் மாறும். நான் போனதும் முதலில் படித்துறைக் கல்லைத்தான் பார்ப்பேன். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் கல் ஈரமாக இருந்தால் மட்டம் இறங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஓரத்தில் போடாமல் ஆழமான கசத்துக்குப் போய்விடுவேன். அணைக்கட்டுக்கு நேர் அடியில் மட்டும் இறங்காதே, இழுப்பு வெளியே தெரியாது. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரிக்குக் கும்பலாக வருகிற மீனைப் பார்த்து ஆசைப்படவும் கூடாது, அதை யாரும் பிடிப்பதில்லை.

முக்கூடல் டூ பிரேசர்:
உங்கள் சித்தப்பா மகன் சொல்வது ஜோசியம் இல்லை. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். கனடாவின் பிரேசர் ஆற்றில் சாக்கை என்கிற சால்மன் வகைக்குப் பெரும்பாலும் 4 வருஷச் சுற்று, அதனால் 4 வருஷம் முன்னால் எத்தனை முட்டையிட்டன என்பதில் இருந்து கணக்குப் போடுவார்கள். சீசன் வந்ததும் சோதனை வலை போட்டு, மிஷன் ஊர் அருகே ஆற்றுக்குள் சோனார், அதாவது ஒலி அலையால் மீனைக் கண்டறியும் கருவி, வைத்து எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தூண்டில் போட அனுமதி, அதுவும் லைசென்ஸோடு. அத்தனை செய்தும் 2009இல் 1 கோடிக்கு மேல் எதிர்பார்த்து 15 லட்சம் அளவுதான் வந்தது. மறு வருஷமே ஏறக்குறைய 3 கோடி! கடலில் குஞ்சுக்கு என்ன நடக்கிறது என்பது யாருக்கும் முழுதாகப் பிடிபடுவதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தான்:
நம் ஆற்றிலும் அப்படி ஒரு பயணி உண்டு, அதுதான் விலாங்கு. ஆனால் எல்லாம் தலைகீழ்: கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயல் வழியாக உள்ளே வருகிற குஞ்சு முதலில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்ட வேண்டும், அப்புறம் மருதூர், அதற்கும் மேலே இன்னும் ஆறு அணைக்கட்டுகள். பிரேசரிலும் 1914இல் ரயில்பாதை வேலையில் பாறை சரிந்து ஹெல்ஸ் கேட் இடுக்கில் சால்மன் ஏற முடியாமல் செத்தது, 1940களில் மீன் ஏறப் படி கட்டிக் கொடுத்த பிறகுதான் வழி சீரானது. இங்கே யாராவது குஞ்சுகளையாவது எண்ணினால் எனக்கு மனசு ஆறும். சின்ன விலாங்கு முள்ளில் மாட்டினால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாய்க்குள் கையை விட்டு இழுக்க வேண்டாம், தூண்டில் நரம்பான தங்கூஸை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டினால் போதும்.

சேரன்மகாதேவிக்காரன்:
நன்றி அண்ணாச்சி. சரி, இந்த ஞாயிறு மண்புழுவோடு கசத்துக்குப் போகிறேன். தண்ணீர் மட்டம், கலங்கல், என்ன மீன் கடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொரு வாரமும் இங்கே போடுகிறேன். மருதூர்ப் பக்கம் போகிறவர்களும் எழுதுங்களேன், விலாங்கைப் பார்த்தால் கட்டாயம் எழுதுங்கள்.