அகிராவை மறுபடி எடுக்கலாமா? நீங்கள் அதைச் சந்தித்த கதையோடு சொல்லுங்கள்

தொடங்கியவர், கோயம்புத்தூர்

2004-ஆம் ஆண்டு, கல்லூரி விடுதியின் மூன்றாம் மாடி. பக்கத்து அறை நண்பன் ஒரு சிடி கொண்டுவந்தான். உறை கிடையாது, மேலே மார்க்கர் பேனாவால் ‘அகிரா’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு கணினியைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்தோம்.

உயரத்திலிருந்து ஒரு நகரம் தெரிகிறது. 1988 ஜூலை 16 என்று தேதி வருகிறது. நகரத்தின் நடுவே ஒரு வெள்ளை உருண்டை எழுந்து, ஊதிப் பெருத்து, தெருத் தெருவாக விழுங்குகிறது. வெடிச்சத்தமே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒருவன் எழுந்து வயரை அசைத்தான். திரை முழுக்க வெள்ளையாகி, அடுத்து அந்த ராட்சசப் பள்ளம் தெரிந்தபோது முரசு ஒரே ஓர் அடி இறங்கியது. வயரைப் பிடித்திருந்தவன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன். கட்சுஹிரோ ஓட்டோமோ தான் எழுதி வரைந்த மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, வைத்துத் தானே இயக்கிய அனிமேஷன் படம் அது. படத்தில் தேதியாக வரும் அதே 1988 ஜூலை 16 அன்றுதான் ஜப்பானில் வெளியானது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அனிமே எக்ஸ்போவில் ஓட்டோமோவே மேடையேறி, சன்ரைஸ் நிறுவனத்தோடு அகிராவைப் புதிய அனிமேஷனாக எடுக்கப்போவதாக அறிவித்தார். ஹாலிவுட் கதை தனி. நிஜ நடிகர்களை வைத்து எடுக்க வார்னர் பிரதர்ஸ் 2002-இல் உரிமை வாங்கியது. இயக்குநர்கள் மாறினார்கள்; 2021 மே 21 வெளியீடு என்று தேதிகூடக் குறித்தார்கள். கடைசியில் 2025-இல் உரிமை மீண்டும் பதிப்பாளரான கோடன்ஷாவிடமே போனது. எனக்கு அதில் நிம்மதிதான். ஆனால் ஓட்டோமோவே மறுபடி செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

வெறும் கருத்து வேண்டாம். எங்கே, எப்படிப் பார்த்தீர்கள், படித்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கருத்துக்கு வாருங்கள்.

அனிமேஷன் ஓவியர், வடபழனி

சென்னையில் ஓர் அனிமேஷன் கூடத்தில் இன்-பிட்வீன் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. கீ டிராயிங் வரைபவர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து தருவார். நடுவில் வரவேண்டியவற்றை நாங்கள் வரைவோம். லைட் பாக்ஸ் மேல் தாளை அடுக்கி, இடது கை விரல்களுக்கு நடுவே ஐந்து தாள்களைச் செருகிப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வேலையில் பாதி. அந்தக் கூடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் மாதம் என்னை அழைத்து, “தம்பி, அகிராவில் அந்த முதல் பைக் துரத்தலைப் பார். பின்விளக்கை மட்டும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வா” என்றார்.

திரையில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, மேலே டிரேசிங் தாளை ஒட்டி வரைந்தேன். பைக் திரும்பிய பிறகும் பின்விளக்கின் சிவப்பு ஒரு நாடாவைப்போல் காற்றில் நிற்கிறது. ஓடும்போது பார்த்தால் அது ஒரு கோடு, அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு தாளிலும் அதன் தடிமன் மாறுகிறது. வால் முனை மெலிந்து வளைகிறது. அந்தக் கோட்டைப் போட்டவர் பைக்கின் எடையைக் கையில் உணர்ந்து போட்டிருக்கிறார். நான்கு நாள் வரைந்தேன். மூத்தவர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஓர் ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். விநாடிக்கு எட்டு ஓவியத்தில் வேலை முடிந்துவிடும். கதைக்கு அதுவே போதும், குறையாகச் சொல்லவில்லை. அகிராவில் 124 நிமிடத்துக்கு 1,60,000-க்கும் மேற்பட்ட செல் ஓவியங்கள், அதாவது ஒளி ஊடுருவும் தாளில் தீட்டியவை. 327 நிறங்கள், அவற்றில் 50 இந்தப் படத்துக்காகவே புதிதாகக் கலந்தவை. கதையில் பாதிக்கு மேல் இரவு அல்லவா? இருட்டுக்குள்ளே இருட்டைக் காட்ட அத்தனை நிறம் வேண்டியிருந்தது.

குரல் பதிவும் வழக்கத்துக்கு மாறானது. ஜப்பானில் பொதுவாக ஓவியம் முடிந்த பிறகுதான் நடிகர்கள் குரல் கொடுப்பார்கள். இந்தப் படத்துக்குக் குரலை முதலில் பதிந்துகொண்டு, அந்தக் குரலுக்கு வாயை வரைந்தார்கள். பைக் கும்பலின் தலைவனான கதாநாயகன் கனேடா கத்தும்போது அவன் பற்களையும் நாக்கையும் பாருங்கள்.

இதை மறுபடி எடுக்கலாமா என்றால், வேண்டாம். உடைந்த பொருளைத்தான் பழுது பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் உடைந்தது என்று ஒன்றை யாராவது காட்டட்டும், பிறகு பேசுகிறேன்.

மென்பொருள் பொறியாளர், டோக்கியோ நிஷிகசாய்

நான் ஜப்பானுக்கு வந்த 2018-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பார்கோ என்ற வணிக வளாகத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுமானத்தை மறைத்து நின்ற நீண்ட தடுப்புச் சுவர் முழுக்க அகிரா. மங்காவின் கறுப்பு வெள்ளைப் பக்கங்களைப் பெரிதாக்கி, வெட்டி ஒட்டிய கோலம். அப்போது எனக்கு அகிரா யாரென்றே தெரியாது. இடிந்து விழும் மாடிகள் வரைந்த சுவருக்குப் பின்னால் நிஜமாகவே கிரேன் நின்று மாடி எழுப்பிக்கொண்டிருந்ததுதான் என்னை நிறுத்தியது. அலுவலகத்தில் ஒரு மூத்த சக ஊழியரிடம் கேட்டேன். அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து மங்காவின் முதல் தொகுதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் பழுத்த மஞ்சள்.

பிறகு 2020 வந்தது. கதை நடப்பது 2019-இல், நியோ டோக்கியோ என்ற கற்பனை நகரத்தில். அடுத்த ஆண்டு அங்கே ஒலிம்பிக் நடக்க வேண்டும். படத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வரும். ஒலிம்பிக்குக்கு இன்னும் 147 நாள் என்று அதில் இருக்கும். கீழே யாரோ ‘நிறுத்து, நிறுத்து’ என்று கிறுக்கியிருப்பார்கள். நிஜ டோக்கியோவில் அந்த 147-ஆவது நாள் 2020 பிப்ரவரி 28. அன்று ரயிலில் வரும்போது என் கைப்பேசி முழுக்க அந்தப் பலகையின் படம்தான். கொரோனா பரவிக்கொண்டிருந்தது, ரயிலில் எல்லோர் முகத்திலும் முகக்கவசம். அடுத்த மாதம் ஒலிம்பிக் உண்மையிலேயே தள்ளிப்போனது. ஓட்டோமோ குறி சொன்னார் என்றெல்லாம் நான் நம்பவில்லை. 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோ இடித்துக் கட்டப்பட்டதைச் சிறு வயதில் கண்ட தலைமுறை அவருடையது. ஊர் திரும்பவும் அதையே செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டே படம் 4கே-யில் புதுப்பிக்கப்பட்டு ஐமேக்ஸ் திரைகளுக்கு வந்தது. ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தோம். வடபழனி அண்ணன் கண்ணுக்குச் சொன்னதை நான் காதுக்குச் சொல்கிறேன். இசை கெய்னோ யமாஷிரோகுமி. மருத்துவர்கள், பொறியாளர்கள், மாணவர்கள் என்று வேறு வேறு வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து பாடும் பெரிய குழு அது. பாலித் தீவின் மூங்கில் வாத்தியம், ஜப்பானின் மரபு நாடகமான நோவின் ஓதல், மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்து வரும். கனேடாவின் பைக் கிளம்பும்போது ‘ரஸ்ஸேரா, ரஸ்ஸேரா’ என்று கூவுகிறார்களே, அது வடக்கே அயோமோரியின் நெபுதா திருவிழாவில் தேரோடு துள்ளி ஆடுபவர்கள் போடும் கூவல். எதிர்காலத்தின் பைக்குக்குத் திருவிழாச் சத்தம்! அந்தக் கூவல் எழுந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் தோள்கள் தாளத்துக்கு அசைந்தன.

புதிதாக எடுத்தால் இந்த இசையை என்ன செய்வார்கள்? அப்படியே வைத்துக்கொண்டால் புதுப்படம் பழைய படத்தின் நிழலாகும். மாற்றினால் அது எனக்கு அகிரா இல்லை.

வாசகர், சிங்கப்பூர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் நான் வந்த வழி வேறு.

நான் முதலில் படித்தது மங்கா. எங்கள் பேட்டை நூலகத்தில் ஆறு தொகுதிகள், தொலைபேசிப் புத்தகக் கனம். மொத்தம் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். 1982 டிசம்பரில் யங் மேகஸீன் என்ற இதழில் தொடங்கியது, 1990-இல்தான் முடிந்தது. அதாவது, படம் வந்தபோது கதையே முடிந்திருக்கவில்லை.

மூன்றாம் தொகுதியின் கடைசிப் பகுதியைச் சொல்கிறேன். மங்காவில் அகிரா உயிரோடு இருக்கும் சின்னப் பையன், ஊரையே அழிக்கும் சக்தி உள்ளவன். அவனைக் கொல்ல அரசியல்வாதி நெஸு குறிவைக்கிறான். குண்டு தவறித் தகாஷி என்ற இன்னொரு சிறுவன்மேல் பாய்கிறது. தகாஷி விழுகிறான். அகிரா பார்க்கிறான். பக்கத்தைத் திருப்பினேன், வெளிச்சம். அடுத்த பக்கம், கட்டடம் சாய்கிறது. அடுத்தது, அடுத்தது. ஒரு சொல் இல்லை. ஊர் முழுவதும் போய்ச் சேரும்வரை பக்கம் பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கிறது. நூலகம் மூடும் அறிவிப்பு வந்தும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது. கனேடாவின் நண்பனாக இருந்து அதேபோன்ற சக்தி பெற்ற டெட்சுவோ, இடிபாட்டில் ஒரு பேரரசு நடத்துகிறான். அகிராவைப் பேசாத தெய்வமாக மேலே உட்கார வைத்திருக்கிறான். எதிர்ப்புறம் மியாகோ அம்மையாரின் கோயிலில் அகதிகளுக்குச் சோறும் மருந்தும் கொடுக்கிறார்கள். கயோரி என்ற பெண் டெட்சுவோவையும் அகிராவையும் ஒரு தாயைப்போல் கவனித்துக்கொள்கிறாள். அழிவுக்குப் பிறகு மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், யாரை நம்பினார்கள் என்பதற்கே மூன்று தொகுதிகள்.

இத்தனையும் படித்துவிட்டு ஓராண்டு கழித்துப் படம் பார்த்தேன். ஒலிம்பிக் அரங்கத்துக்கு அடியில் அகிரா எங்கே என்று தேடினால், கண்ணாடிக் குடுவைகளில் நரம்பும் திசுவும்! பையனே இல்லை. மியாகோ தெருவில் கூச்சலிடும் ஒரு சாமியாராகிவிட்டார். மங்காவில் வரும் சியோகோ என்ற பெண் இல்லவே இல்லை. கயோரி அடிபடுகிறாள், கடைசியில் டெட்சுவோவின் ஊதிய சதைக்குள் நசுங்கிச் சாகிறாள். அவ்வளவுதான் அவளுக்கு. நான் அழுதது படத்தின் சோகத்துக்காக அல்ல, அவளுக்குக் கொடுக்காமல் விட்ட பக்கங்களுக்காக.

உடைந்தது எது என்று கேட்டீர்களே அண்ணா, இதோ காட்டிவிட்டேன்.

படத்தை யாரும் தொட வேண்டாம். ஆனால் வரையாமல் விட்ட அந்தப் பாதிக்கு ஒரு தொடர் வேண்டும். பத்து மணி நேரமோ இருபது மணி நேரமோ ஆகட்டும். அதை ரீமேக் என்று சொல்வதே பிழை, முதல்முறையாக எடுப்பது.

பதிப்பகப் பணியாளர், மதுரை

சுருக்கமாக ஒன்று. நான் மறு ஆக்கத்தில் ஒருமுறை சூடுபட்டவன். மமோரு ஓஷி 1995-இல் எடுத்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’, அதுவும் மங்காவிலிருந்து வந்த படம், எனக்கு உயிர். 2008-இல் அவரே அதைப் புதுப்பித்து ‘2.0’ என்று வெளியிட்டார். பல காட்சிகளைக் கணினி வரைகலையில் மாற்றியிருந்தார். கதாநாயகி மோட்டோகோ மாடியிலிருந்து பின்னால் சாயும் அந்தத் தொடக்கத்தில் கையால் வரைந்த உடல் போய், வழவழப்பான பொம்மை நின்றது. பழைய படத்தின் பச்சை ஒளி செம்மஞ்சளாகியிருந்தது. அடுத்த காட்சியிலேயே பழைய கையோவியம் திரும்பி வந்துவிடும். சட்டையில் வேறு துணி ஒட்டுப்போட்டதுபோல் இருந்தது. இயக்கியவர் வேறு ஆளில்லை, அவரேதான். ஆகவே, ‘ஓட்டோமோவே செய்கிறார்’ என்பது மட்டும் எனக்குத் தைரியம் தரவில்லை.

தாய், திருநெல்வேலி

கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். என் மகன் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பட்டாணி உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மருத்துவமனை அறையில் கரடி பொம்மையும் முயலும் கூரை உயரத்துக்கு வளர்ந்து டெட்சுவோ என்ற அந்தப் பையனை நெருங்குகின்றன. அவற்றின் உடம்பிலிருந்து பால் கொட்டுகிறது. அவன் கண்ணாடிச் சில்லை மிதித்து ரத்தம் வந்ததும், பயந்து ஓடுவது அந்தப் பொம்மைகள்தான். அந்தப் பெரிய பொம்மைகளுக்குள் இருந்தவர்கள் மூன்று குழந்தைகள். ரத்தத்தைப் பார்த்ததும் குழந்தைகளாகவே அலறினார்கள். உரித்த பட்டாணி மடியில் அப்படியே இருந்தது. அதன் பிறகு முழுப்படமும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன்.

இது சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை, அதை மட்டும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். கார்ட்டூன்தானே என்று போட்டுவிடாதீர்கள்.

அனிமேஷன் ஓவியர், வடபழனி

சிங்கப்பூர்த் தம்பி, பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். ஆறு தொகுதிகளையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் வருகிறேன்.

நீங்கள் சொன்னது சரி. படத்தில் உடைந்தது ஒன்றும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அது முழுக்கதை என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தது தவறு. கடைசியில் கனேடாவும் கே என்ற பெண்ணும் மீதிப் பேரும் உதவிக்கு வந்த வெளிநாட்டுப் படையைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்புகிறார்களே, பக்கத்தில் இறந்துபோன டெட்சுவோவும் நண்பன் யமகாட்டாவும் கூடவே ஓட்டி வருகிறார்களே, அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். பின்விளக்கைத்தான் தேடினேன், பழக்கதோஷம்.

ஆனால் அந்தத் தொடரை வரையப்போகிறவர்களை நினைத்தால் ஒரு கவலை. அகிரா. பக்கம் பக்கமாக வருகிறான். பேசுவது அரிதிலும் அரிது, முகம் மாறுவதில்லை. அச்சில் அது பயங்கரம், ஏனென்றால் அச்சில் எல்லோருமே அசையாமல் இருக்கிறார்கள். அனிமேஷனில் அவனைச் சுற்றி இருப்பவர்கள் அசைவார்கள், அவன் மட்டும் அசையமாட்டான். நேற்று இரவு லைட் பாக்ஸை எடுத்துவைத்து, அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தை எடுத்து மூன்று விதமாக வரைந்து பார்த்தேன். இமைக்க வைத்தேன், சாதாரணப் பையனாகிவிட்டான். மூச்சுக்கு மட்டும் தோளை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன், தூங்குகிறான். ஒன்றுமே செய்யாமல் விட்டேன். படம் நின்றுபோனதுபோல் இருந்தது. நான்காவதாக, அவனை விட்டுவிட்டு அவன் தலைமுடியில் நான்கைந்து இழைகளை மட்டும் காற்றில் அசைத்தேன். அதில் ஏதோ இருக்கிறது. தாள்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மங்காவை முதலில் படித்த கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள்.