ஸ்டார்ட்டப் ஆப்டிமைசர் 62 சதவீதத்தில் ஹேங் ஆகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். 2017-ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே ஏழெட்டு நிமிடம் ஆகிறதே என்று, ஸ்டார்ட்டப்பை வேகமாக்கும் இலவச டூல் ஒன்றைப் போட்டேன். ஸ்கேன் 62 வரை ஓடி அங்கேயே நின்றுவிடுகிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், அதே 62. மகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் இதில்தான், அதனால் ஃபார்மட் செய்யப் பயம்.

பதில் 1:
இதற்குத் தனி டூலே வேண்டாம் நண்பரே. விண்டோஸ் 8-லிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்டப் டேப் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள், ஆன்டிவைரஸையும் டச்பேட் டிரைவரையும் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆறு புரோகிராமை நிறுத்தினேன், பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன், டூல் நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது, படிக்கும் வேகமோ கிட்டத்தட்ட பூஜ்யம். நடுவில் டக் டக் என்று சத்தம் வேறு.

பதில் 2:
அண்ணா, அந்த டூலை இனி ஓட்டாதீர்கள். டிஸ்க் முழு வேலையில் இருந்தும் எதுவும் படிக்கப்படவில்லை என்றால், படிக்க முடியாத ஓரிடத்தை அது திரும்பத் திரும்ப முயன்று கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இந்த மாதிரி டூல்கள் ஸ்டார்ட்டப் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும், அதில் ஒன்று கெட்டுப்போன செக்டாரில் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு பகுதி) இருந்தால் அங்கேயே காத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் அதே 62-ல் நிற்பது அதனால்தான் இருக்கும்.

முதலில் படங்களை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். மொத்தமாக இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக, மகளின் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள், எதிலாவது மாட்டினால் ஸ்கிப் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கைப் போடச் சொல்லி யாராவது சொன்னாலும் காப்பி முடியும் வரை வேண்டவே வேண்டாம், அதோடு ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்துப் போட்டால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், சாகக் கிடக்கும் டிஸ்க் அதைத் தாங்காமல் போகலாம். அப்புறம் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டூலில் சி5 என்ற வரியையும் (படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை), விண்டோஸின் பிழைப் பதிவான ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரில் 7-ம் எண் பிழை (கெட்ட செக்டார் என்று அர்த்தம்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரவு முழுக்க உட்கார்ந்து எடுத்துவிட்டேன் தம்பி, மூன்று படம் மட்டும் வரவில்லை. மஞ்சளாக காஷன் என்று காட்டுகிறது, சி5-ல் 38 இருக்கிறது. 7-ம் எண் பிழை வரிசையாக நிற்கிறது.

பதில் 2:
அந்த 38 ஹெக்ஸ் எண் (பதினாறின் அடிப்படையில் எண்ணுவது), சாதாரணக் கணக்கில் 56 செக்டார். இந்த டிஸ்கை இனி நம்ப வேண்டாம். அதற்குப் பதிலாக 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்காமல் (க்ளோன் செய்யாமல்) விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். முடிந்தால் ரேமையும் 8 ஜிபி ஆக்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையுங்கள். வராத மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தீர்களா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
எஸ்எஸ்டி போட்டாயிற்று, இப்போது அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. இரண்டு படம் என் தங்கையின் போனில் கிடைத்தது. ரொம்ப நன்றி தம்பி.