டிராப்பிஸ்ட்-1 இ கோளின் தரையில் நின்றால் எப்படி இருக்கும்?

இரவுவானம்:
டிராப்பிஸ்ட்-1 என்ற சின்ன நட்சத்திரத்தைச் சுற்றும் ஏழு கோள்களையும் 2017ல் அறிவித்ததிலிருந்து, அவற்றில் ஒன்றான டிராப்பிஸ்ட்-1 இ பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். பூமி அளவு, பாறைக் கோள், 40 ஒளியாண்டு தூரம், தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்புள்ள இடம், எல்லாம் சரி. ஆனால் அங்கே ஒரு ஆள் நின்றால் வெயில் எப்படி, வானம் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

துருவமீன்:
கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது நிறையவே இருக்கிறது. ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, இங்கே 50 கிலோ காட்டும் தராசு அங்கே 41 காட்டும். ஒரு வருடம் என்பதே நம் கணக்கில் 6 நாள் சொச்சம்தான், ஏனென்றால் தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 44 லட்சம் கிலோமீட்டரிலேயே சுற்றுகிறது. இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் ஒரே பக்கத்தை நட்சத்திரத்துக்குக் காட்டியபடி பூட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. நம் சூரியனைப் போல நாலு மடங்கு அகலத்தில் ஒரு செம்மஞ்சள் வட்டம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் அதன் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பு என்பதால் தோலில் சூடு தெரியும், கண்ணுக்கு உச்சிப்பொழுதுகூட பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். பக்கத்துக் கோள்களான டி, எஃப் இரண்டும் கிட்ட வரும்போது நம் நிலா அளவுக்குத் தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இதுதான்.

நிலாமுற்றம்:
காற்று இருக்கிறதா என்று தெரியாமல் சூடா குளிரா என்று சொல்லவே முடியாது. நட்சத்திரத்துக்கு இன்னும் கிட்டத்தில் சுற்றும் பி கோளைப் பாருங்கள். 2023ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அளந்தபோது பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ், காற்றே இல்லாத வெறும் பாறை எவ்வளவு சுடுமோ ஏறக்குறைய அவ்வளவு. அதாவது சூட்டை இருட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோக எதுவும் இல்லை. இ கோளும் அப்படி மொட்டையாக இருந்தால் இருட்டுப் பக்கம் பயங்கரக் குளிர். மாறாக நைட்ரஜனோ கரியமில வாயுவோ போதுமான அளவு இருந்தால், நட்சத்திரத்துக்கு நேர் கீழே கடல், சுற்றிலும் பனி என்று கருவிழி மாதிரி ஒரு உலகம் சாத்தியம் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

இரவுவானம்:
அப்போ இ கோளை வெப் இன்னும் பார்க்கவில்லையா?

நிலாமுற்றம்:
பார்த்தது, முதல் முடிவுகள் 2025ல் வந்தன. ஹைட்ரஜன் நிறைந்த காற்று இருக்க வாய்ப்பில்லை என்று தெரிகிறது, நைட்ரஜன் காற்று இருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியவில்லை. சிக்கல் நட்சத்திரத்தில்தான். அதன் மேல் உள்ள புள்ளிகள் குளிர்ச்சியானவை, அவற்றிலேயே நீராவி இருக்கலாம் என்பதால், கிடைக்கும் தடயம் கோளுடையதா நட்சத்திரத்துடையதா என்று பிரிப்பது கஷ்டம். அதனால் பி கோளும் இ கோளும் அடுத்தடுத்து நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும் நேரமாகப் பார்த்து அளக்கிறார்கள். பி மொட்டைப் பாறை என்று வைத்துக்கொண்டால் அதில் தெரிவதெல்லாம் நட்சத்திரத்தின் கறை, அதை இ கோளின் அளவீட்டிலிருந்து கழித்துவிடலாம். அருமையான யோசனை இது.

துருவமீன்:
ஒன்று சேர்க்கிறேன். இந்த மாதிரி நட்சத்திரங்கள் இளமையில் பல கோடி வருடம் இப்போதைவிட அதிகப் பிரகாசமாக இருந்தவை. ஆரம்பத்தில் இருந்த தண்ணீர் அப்போதே ஆவியாகிப் போயிருக்கலாம், அதனால் தூரம் சரியாக இருப்பதை மட்டும் வைத்துக் கடல் உண்டு என்று எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம்.