லேண்ட்லைன் பார்க்காத வீட்டுக்கு ஸ்மார்ட்போன் எப்படி வந்தது?

யாங்கோன் தம்பி: அண்ணன்மாரே, எங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்ததே இல்லை, நேராக ஸ்மார்ட்போன்தான். நம் மியான்மர் மாதிரி பின்தங்கிய நாடு இப்படிப் படி தாண்டிக் குதிப்பது எப்படி?

தட்டோன்காரன்: பிந்தி வருவதில் ஒரு லாபம் தம்பி. ஊரெல்லாம் செம்புக் கம்பி இழுக்கிற செலவு மிச்சம், அடுத்தவன் சோதித்து முடித்ததை வாங்கினோம். ஆனால் கருவி மட்டும் போதாது, 2014இல் ஊரிடூ, டெலினோர் என்ற வெளிநாட்டு செல்போன் கம்பெனிகள் போட்டிக்கு வந்த பிறகுதான் சிம் விலை 1,500 கியாட்டுக்கு (நம் ஊர்ப் பணம்) இறங்கியது. அதற்கு முன்னால் சிம் வாங்குவது நகை வாங்குகிற மாதிரி.

மோல்மேன் அக்கா: சரி, குதித்தோம், இடறி விழுந்ததையும் சொல்லுங்கள். உலகமே யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் இருக்க, இங்கே பர்மிய எழுத்துக்கு அதோடு ஒத்துப்போகாத ஸோஜி என்ற தனி எழுத்துரு பரவிவிட்டது. அரசே 2019 அக்டோபரில்தான் யூனிகோடுக்கு மாறியது. என் பழைய போனில் புது எழுத்து இன்னும் கோணல்மாணல்தான்.

யாங்கோன் தம்பி: கரண்ட் போனால் அதுவும் தெரியாது அக்கா!